முதல் பறவை கர்த்தருக்கு

கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய என் கொழுந்தன் டெனிஷுக்கு, வந்த சில மாதங்களிலேயே வேட்டைப் பைத்தியம் பிடித்தது. வேறு எந்தப் பைத்தியம் பிடித்திருந்தாலும் கையைத் தட்டிச் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இது என் குளத்தின் மேல் கண் வைத்த பைத்தியம். அதனால்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் அவன் பெயரை எடுப்பதே வாய்க்குக் கேடு.

நான் சத்தியபாய். என் வீட்டுக்காரர் ஜான்ரோஸ், டெனிஷின் சொந்த அண்ணன். இலுப்பக்குளத்தில் மீன் வளர்க்கும் குத்தகையை அவர்தான் முதலில் எடுத்தார். நெஞ்சுவலி வந்து ஒரே ராத்திரியில் அவர் போனபிறகு, குத்தகையை யாருக்குக் கொடுப்பது என்று பாசன விவசாயிகள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கல்லறை மண் காயவில்லை. லீவில் வந்திருந்த டெனிஷ் எழுந்து நின்று, பொம்பளை எப்படிக் குளம் காப்பாள், என் பெயரில் எழுதுங்கள் என்றான். அண்ணன் செத்ததற்கு வந்தவன் அண்ணன் குளத்துக்கு வந்தவன் போலப் பேசினான். நான் கூட்டத்தின் நடுவில் போய் நின்று, மடை திறக்கவும் வலை இழுக்கவும் எனக்குத் தெரியும், கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தீனி போட இவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவன் விழித்தான். குத்தகை என் பெயருக்கு வந்தது. அன்று முதல் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர், சுவராகவே இருந்துவருகிறது.

அந்தக் குளம் எனக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் ரெஜிஷா கோயம்புத்தூரில் நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கிறாள். பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது வலை போட்டால்தான் அவள் படிப்பு முடியும். வேறு வழி எனக்கு இல்லை. வயல் இல்லை, தோப்பு இல்லை. இந்தக் குளத்து மீன்தான்.

சங்கத்தின் நிபந்தனைகளில் ஒன்று எல்லாருக்கும் தெரியும். குளத்தில் விஷம் கலக்கக்கூடாது, பறவையைச் சுடவோ கண்ணி வைக்கவோ கூடாது. யார் செய்தாலும் குத்தகைக்காரர்தான் பொறுப்பு. கேட்க அநியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எங்களுக்கு முன்னால் எடுத்திருந்தவருக்கு நடந்தது அதுதான். எவனோ கரையில் கண்ணி வைத்தான், வனத்துறைக்குத் தெரிந்தது, மீன் பாதி வளர்ந்திருக்கும்போதே குத்தகை போயிற்று. அவர் வளர்த்த மீனை வேறு ஆள் பிடித்துக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தார்.

இப்படி இருக்கும்போதுதான் டெனிஷ் திருவனந்தபுரத்தில் போய் ஒரு ஏர்கன் வாங்கிவந்தான். அதற்கு முன்பே ராப்பகலாகப் போனில் வெள்ளைக்காரன் வாத்துச் சுடுகிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தானாம். முட்டு வரைக்கும் ரப்பர் பூட்ஸ், பச்சையும் தவிடும் கலந்த பட்டாளச் சட்டை, கழுத்தில் தொங்குகிற ஒரு விசில். எங்கள் ஊர் வெயிலில் அந்தக் கோலத்தில் பால் வாங்கப் போனான். தெருநாய்கூட முதலில் குரைத்தது, பிறகு வெறுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் சுவரோரம் வந்து நின்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு எரிந்தது.

"மைனி, ஒங்களுக்க கொளத்துல காட்டுத்தாரா எறங்குதாமே. காலம்பற எந்த மூலையில கெடக்கும்?"

வீட்டில் வளர்க்கிற வாத்தைத் தாரா என்போம். மழைக்காலம் முடிந்ததும் வடக்கேயிருந்து பறந்து வருகிறதைக் காட்டுத்தாரா என்போம். இலுப்பக்குளத்தில் ஆம்பல் படர்ந்த மேற்குப் பக்கத்தில் வருஷா வருஷம் வந்து இறங்கும். அது ஊருக்கே தெரியும். நான் கேட்டேன், பறவையைச் சுட்டால் கேஸ் என்று தெரியுமா, தெரியாதா என்று. அவன் எனக்குச் சட்டம் சொன்னான். ஏர்கன்னுக்கு லைசன்ஸ் வேண்டாமாம். லைசன்ஸ் வேண்டாத துப்பாக்கியால் சுட்டால் கேஸ் எங்கிருந்து வரும் என்று சிரித்தான். படித்தவன், வெளிநாடு பார்த்தவன், அரபி பேசுகிறவன். மூளையை மட்டும் தோகா ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"எனக்க கொளத்துப் பக்கம் ஒனக்க நெழல் விழப்பிடாது," என்றேன். "ரெண்டு காலையும் ஒடிச்சுப் போடுவேன்."

அப்படியென்றால் வேறு நல்ல இடம் சொல்லுங்கள் என்றான். மனுஷனுக்கு ரோஷம் என்று ஒன்று வேண்டாமா? காலை ஒடிப்பேன் என்கிறவளிடமே வழி கேட்கிறான். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இடம்தான் முக்கியம், குறி பிறகு தானாக வரும் என்று அந்த வீடியோவில் சொன்னார்களாம். எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. சொன்னேன்.

மணக்குடிக் காயல் பக்கம் போ, தண்ணீர் இறங்கிய நேரத்தில் போனால் சேற்றில் கூட்டங்கூட்டமாக மேயும், கிட்டேயே நடந்து போகலாம் என்றேன். பறவை மேயும் என்பது உண்மை. நடந்து போகலாம் என்பதுதான் என் கைச்சரக்கு. அந்தச் சேற்றில் கொக்கு நடக்கலாம், மனுஷன் நடக்க முடியாது. டெனிஷ் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டான். ஏற முடியவில்லை. கட்டுமரக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்களாம். இழுக்கும்போது, தம்பி துப்பாக்கியை விட்டுவிடு, கையைக் கொடு என்று சொல்லியும் இவன் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே கிடந்தானாம். சேறு உலர்ந்து காரையாய்ப் பிடித்த பேண்டோடு பஸ்ஸில் ஏறவிடாமல் கண்டக்டர் இறக்கிவிட்டார். நடந்தே வந்தான். நான் வாசல் பெருக்குகிற சாக்கில் நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு ருசியாக இறங்கியது.

அடுத்தது தேரூர்க் குளத்துப் பக்கம் போனான். அங்கே நான் அனுப்பவில்லை, அவனாகவே போனான். கரை முழுக்கக் காலேஜ் பிள்ளைகள் பைனாகுலரோடு நின்று பறவைக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவன் துப்பாக்கியைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு காலை மடக்க முடியாமல் நொண்டியே திரும்பி வந்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, இந்த ஊர்க் குளமெல்லாம் வேட்டைக்கு லாயக்கில்லை என்று டீக்கடையில் பேசினானாம்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்தது. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தின்ன, கேரளத்திலிருந்து தாரா மேய்க்கிறவர்கள் லாரியில் ஆயிரக்கணக்கில் தாராக்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். பகலெல்லாம் வயலில் மேய்ப்பார்கள், சாயங்காலம் வலை கட்டி அடைப்பார்கள். இது இந்தப் பக்கம் பிறந்த பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். டெனிஷுக்கும் ஒருகாலத்தில் தெரிந்திருக்கும். ஆனால் வெறி பிடித்தவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. சானல்கரை வயலில் கறுப்பும் தவிடுமாய் ஒரு பெரிய கூட்டம் இறங்கியிருக்கிறது, வெளிச்சம் நன்றாக வருவதற்கு முன்னால் போ என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். அவன் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னேன்.

பனி மூட்டத்தில் வரப்பில் குப்புறப் படுத்து, தவழ்ந்து தவழ்ந்து போய்ச் சுட்டிருக்கிறான். தாரா ஒன்று விழுந்தது. மற்றதெல்லாம் பறக்காமல் கத்திக்கொண்டு ஓடியபோதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை, இன்னொன்றைச் சுட்டான். கூடாரத்திலிருந்து மேய்ப்பர்கள் கம்போடு வந்தார்கள். செத்த தாரா இரண்டையும் அவன் கழுத்திலேயே கட்டித் தொங்கவிட்டு ஜங்ஷன் வரைக்கும் நடத்திக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பின்னாலேயே வந்தன. அன்று முதல் அவனுக்குப் பெயர் தாரா டெனிஷ். கடையில், பஸ்ஸில், கோயில் முற்றத்தில், எல்லா இடத்திலும் அதுதான் பெயர்.

அதைக் கேட்டு நான் சிரித்தேன். இப்போதும் நினைத்தால் சிரிப்பேன். அவன் சுவருக்கு வந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது. அவ்வளவு நாளும் நீங்க, வாங்க என்று வாயளவுக்காவது இருந்த மரியாதை அன்றைக்குப் போயிற்று.

"நீதான்டி என்னை அனுப்புனது. பாத்துக்கிடு. நல்ல எடம் எதுன்னு எனக்கு இப்ப தெரியும். ஒனக்க கொளந்தான்."

கொடுவாளை எடுத்துக்கொண்டு சுவரைத் தாண்டப் போனேன். அவன் பெண்டாட்டி ஷைஜா குறுக்கே வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காக நின்றேன்.

ஷைஜாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் பாவி. அந்த வீட்டில் எனக்கு ஆகாத நூறு இருந்தது, ஆனால் அவளோடு ஒரு வாய்ச்சண்டைகூட இல்லை. அங்கன்வாடி டீச்சர். நான் டைபாய்டில் கிடந்தபோது, புருஷன் முறைக்க முறைக்க எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு வந்தவள். பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. அவள் பிறந்த மார்த்தாண்டத்து வீட்டு வழக்கம், எதுவானாலும் முதலில் வருவது கர்த்தருக்கு. கோழி இட்ட முதல் முட்டை, தென்னையில் வெட்டிய முதல் குலை, முதல் மாதச் சம்பளம், எல்லாம் கோயிலுக்குப் போகும். மீன் பிடித்தால் முதல் மீனைக் கோயிலுக்குக் கொடுங்கள் அக்கா என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நானும் கொடுத்துவந்தேன்.

டெனிஷ் சொன்ன அந்த வார்த்தைக்குப் பிறகு நான் குளத்தைவிட்டு நகரவில்லை. விடிந்தும் விடியாமலும் கரைக்குப் போவேன், பொழுது சாய்ந்துதான் வருவேன். ஆனால் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை எல்லாப் பெண்களும் கோயிலுக்குப் போகவேண்டும். மறுநாள் அசன விருந்துக்குக் காய் வெட்ட, தேங்காய் துருவ, பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். போகாவிட்டால் வாய் கிழியும் அளவுக்குப் பேசுவார்கள். போனேன். மத்தியானம் முழுக்கப் பூசணிக்காய் வெட்டினேன். மனசு குளத்திலேயே இருந்தது.

சாயங்காலம் நேரே கரைக்கு ஓடினேன். மேற்குப் பக்கம் ஒரு பறவைகூட இல்லை. மடைக்கல் பக்கத்தில் பிய்ந்த இறகுகள் கிடந்தன. சேற்றில் பூட்ஸ் தடம். கல்லின் மேல் ஏர்கன் குண்டு வைக்கிற சின்னத் தகர டப்பா. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். இறகையெல்லாம் வாரித் தண்ணீருக்குள் சேற்றில் அமுக்கினேன். தடத்தைக் காலால் அழித்தேன். டப்பாவை மட்டும் என் பையில் போட்டுக்கொண்டேன், அவன் மூஞ்சியில் எறிவதற்கு.

வீட்டுக்கு வந்து சுவரோரம் நின்று கூப்பிட்டேன். அவன் கோட்டாற்றுக்குப் போயிருக்கிறான் என்று ஷைஜா சொன்னாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கோபம் எனக்கு.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் தொடங்கியது. எங்கள் சபை வழக்கம் அது. அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், அதை ஏலம் விட்டு வருகிறதைக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள். கமிட்டிச் செயலாளர் எட்சன் மைக்கைப் பிடித்தால் ஊரே சிரிக்கும். பலாப்பழம் போயிற்று, ஏத்தன் வாழைக்குலை போயிற்று, ஒரு சேவல் போயிற்று. பிறகு ஒரு கூடையைத் திறந்து எட்சன் உள்ளே கைவிட்டு ஒரு பறவையை எடுத்தான்.

தவிட்டு நிறத் தலை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. ஒரு சிறகு தொங்கிப்போயிருந்தது. கால் இரண்டையும் வாழைநாரால் கட்டியிருந்தது. உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து திறந்து மூடியது.

"ஷைஜா டீச்சர் வீட்டு முதற்பலன்," என்று மைக்கில் சொன்னான் எட்சன். "இதுவரைக்கும் நம்ம ஏலத்துல இப்படி ஒரு தாரா வந்ததில்ல."

எனக்கு எல்லாம் விளங்கிற்று. புருஷன் முதன்முதலாக அடித்துக் கொண்டுவந்த பறவை. கேஸ் என்று அவன் சொல்லியிருக்க மாட்டான். இவள் முதல் பறவை கர்த்தருக்கு என்று கூடையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். இந்த உலகத்தில் எந்த வேட்டைக்காரன் வீட்டிலும் நடக்காத காரியம் எங்கள் ஊரில் நடக்கும்.

பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன பறவை என்று தெரியாது. தெரிந்த ஆள் ஒருவன் இருந்தான். ஞானதாசன். எங்கள் சபைதான், கொயரில் பாடுவான், வனத்துறையில் பறவைக் காவலர் வேலை. அவன் அப்போது பின்பக்கம் அசனக் கொட்டகையில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் படுவதற்குள் அந்தப் பறவை என் கைக்கு வந்து, என் பைக்குள் போய், கோயிலைவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தேன். எட்சன் விலை சொன்னதுமே கையைத் தூக்கினேன்.

முதல் வரிசையில் டெனிஷ் இருந்தான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் அவன் பறவையை வாங்கி அவன் கண்முன்னால் குழம்பு வைத்துத் தின்னப்போகிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவனும் கையைத் தூக்கினான். நான் ஏற்றினேன். அவன் ஏற்றினான். கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், விட்டுவிடு என்று உதட்டை அசைத்தேன். மடையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தலுக்கு விளங்கியது, மைனியும் கொழுந்தனும் மோதுகிறார்கள் என்று. கூட்டம் எழுந்து நின்று கையைத் தட்டியது. எட்சன் உற்சாகத்தில் பறவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தரம், ரெண்டு தரம் என்று கத்தினான். ஒலிபெருக்கி தெரு முழுக்கக் கேட்டது. ஒரு ஆட்டுக்குட்டி விலையைத் தாண்டி ஏலம் என் பெயரில் முடிந்தபோது, சாம்பார் வாளியோடு ஞானதாசன் பந்தலுக்குள் வந்து நின்றான்.

பறவை என் கையில் இருந்தது.

ஞானதாசன் வாளியைக் கீழே வைத்தான். கிட்டே வந்து பறவையின் சிறகை விரித்துப் பார்த்தான். அவன் மோசமானவன் இல்லை. சத்தம் போடவில்லை. மைக்கை அணைக்கச் சொன்னான். இது வளர்ப்புத் தாரா இல்லை, சுட்டுப் பிடித்தது, இத்தனை பேர் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி போனால் தன் வேலை போய்விடும் என்றான். பிறகு கேட்டான், யார் கொண்டுவந்தது என்று.

ஷைஜா எழுந்தாள். "நான்தான்," என்றாள்.

யார் சுட்டது என்று கேட்டான். அவள் டெனிஷைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏலத்தில் அப்படிக் கையைத் தூக்கித் தூக்கி நின்றவன், இப்போது பின்னால் இரண்டு ஆள் தள்ளி நின்றுகொண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷைஜாவுக்குப் புரிந்தது. பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. நான்தான் கொண்டுவந்தேன் என்று மறுபடியும் அதையே சொன்னாள். அப்படியென்றால் கேஸை உங்கள் பெயரில்தான் எழுதவேண்டியிருக்கும் டீச்சர் என்றான் ஞானதாசன். கேஸ் என்று வந்தால் அங்கன்வாடி வேலை நிற்குமா? அவளுக்கும் அது தெரியும். முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் என்கிற அந்தத் தடியன் ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. ஒரு அடி.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அப்படி ஒரு அருவருப்பு எனக்கு வாழ்க்கையில் யார் மேலும் வந்ததில்லை.

"ஞானதாசா, அவள விடு," என்றேன். "சுட்டது டெனிஷ்."

உடனே எட்சன் குறுக்கே விழுந்தான். குடும்பப் பகையைக் கோயிலுக்குள் கொண்டுவராதே என்றான். பந்தலில் நாலைந்து குரல், ஆமாம், இவளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது, இப்போதுதானே ஏலத்தில் மோதினாள் என்றது. டெனிஷுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. நிமிர்ந்து, நான் சுட்டதை இவள் கண்டாளா, எங்கே கண்டாள், சொல்லச் சொல்லுங்கள் என்றான். அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எங்கே என்று சொன்னால் என் குளம் போகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சங்கத் தலைவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் போன வாரம் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது, பீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது அம்மா என்று. பங்குனிக்கு இன்னும் சில வாரம்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஷைஜா யார் எனக்கு?

பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தேன்.

"நேத்து மத்தியானம். எனக்க இலுப்பக்கொளத்துல. மடைக்கல்லுல இது கெடந்தது. எறகெல்லாம் நானே தண்ணிக்குள்ள தாத்துனேன். வேணும்னா வந்து தோண்டிப் பாரு."

இறகைத் தாழ்த்தினேன் என்று ஒரு பொம்பளை தன் வாயால் சொன்ன பிறகு, அது பகையில் சொன்ன பொய் என்று யாரும் சொல்ல முடியவில்லை. சங்கத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். டெனிஷ் போட்டிருந்த சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது.

மற்றதெல்லாம் நடக்கவேண்டியபடி நடந்தது. டெனிஷ் மேல் கேஸ் எழுதினார்கள், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள், பாஸ்போர்ட் முடங்கிவிடும் என்று அவன் அழுதான் என்று கேள்வி. பறவையை ஞானதாசன் கொண்டுபோனான். பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை. சங்கம் கூடியது. தலைவர் நல்ல மனுஷர்தான், வீடு வரைக்கும் வந்து, சத்தியபாய், விதி எல்லாருக்கும் ஒன்று, நீயே சபை முன்னால் சொல்லிவிட்டாயே, நான் என்ன செய்ய என்றார். குத்தகை ரத்தானது. என் மீனை யார் பிடிப்பது என்று சங்கத்தில் ஏலம் விட்டார்கள். ரெஜிஷாவுக்கு நான் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இந்த வருஷம் வீட்டுக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னேன். அவள் போனில் ஏன் என்று கேட்டாள், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

வலை போட்ட அன்று நான் கரைக்குப் போகவில்லை. வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஷைஜா சுவரைச் சுற்றி வாசல் வழியாக வந்தாள். பண்டிகைக்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது, உனக்காகத்தான் பிள்ளே, போகட்டும் விடு என்று சொல்லவேண்டும் என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"நான் கேஸை ஏத்திருப்பேன் அக்கா. வேலை போனா போட்டும்னுதான் நின்னேன். எனக்க மாப்பிளைய ஊரு முன்னால காட்டிக்குடுக்கச் சொல்லி ஒங்களக் கேட்டனா?"

உனக்காகச் சொன்னேன் ஷைஜா, அதனால்தான் என் குளம் போயிற்று என்றேன்.

"எனக்காவ இல்ல," என்றாள். சத்தம் உயரவில்லை. "அவருக்க மேல உள்ள வெறுப்பு. அவரு நாசமாப் போவணும்னு கொளத்தையும் தூக்கி எறிஞ்சிட்டீங்க. இனி எனக்க பேரச் சொல்லி யாருகிட்டயும் நல்லவளாவாதீங்க."

போய்விட்டாள். நான் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்படியில்லை என்று அவள் பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் பந்தலில் நான் டப்பாவைக் கையில் எடுத்த அந்த நிமிஷம், அதுவரை நினைத்த மகளும் நினைவில் இல்லை, ஷைஜாவும் நினைவில் இல்லை. அவன் முகம் எப்படிப் போகும் என்பதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. இப்போது யாரிடம் போய் என்ன சொல்வது?